ஹெச்.ஆர். இல்லாத நிறுவனத்தில் ஆள் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐந்து பேரிலிருந்து ஐம்பது பேர் வரை வேலை பார்க்கும் நிறுவனங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அங்கே ஆள் எடுப்பதற்கென்று தனித் துறை இருக்காது. முதலாளியோ குழுத் தலைவரோ தன் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி நேர்காணல் நடத்துவார். புதிதாக இதில் இறங்கியவர்கள் பலரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் தடுமாறுவது வரிசை தவறுவதால்தான். முதலில் ஆளைப் பார்த்துவிடுகிறார்கள், பிடித்துப்போகிறது, அப்புறம்தான் இந்த வேலைக்கு என்ன தேவை என்று யோசிக்கிறார்கள். அந்த நேரத்தில் யோசித்தால் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் என்ன இருக்கிறதோ அதுவே தேவை என்று தோன்றிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும் பகுதி, முதல் விண்ணப்பதாரரைச் சந்திப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகளைப் பற்றியது.

தொடங்கும் முன் தீர்த்துவைக்க வேண்டியவை

இறுதி முடிவு யாருடையது என்பதை முதலில் பேசி முடியுங்கள். மூன்று பேர் நேர்காணல் செய்வதில் தவறில்லை, ஆனால் கடைசியில் கையெழுத்துப் போடுபவர் ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்ட இடங்களில் நல்ல விண்ணப்பதாரர் வாரக்கணக்கில் காத்திருந்து, வேறு இடத்தில் சேர்ந்துவிடுவார்.

அடுத்தது சம்பள வரம்பு. குறைந்தபட்சமும் அதிகபட்சமும் எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "நல்ல ஆளாக இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்கினால் கடைசிக் கட்டத்தில் பேரம் பேசத் தெரிந்தவருக்கு அதிகமும் பேசத் தெரியாதவருக்குக் குறைவும் போகும். ஏற்கெனவே அதே வேலையில் இருப்பவருக்கு இது தெரியவரும்போது வரும் கசப்பு சீக்கிரம் போகாது.

நேர்காணல் செய்யப்போகிறவர்களின் நேரத்தையும் விளம்பரம் போகும் முன்பே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். விண்ணப்பம் வந்தபிறகு நேரம் தேடினால் ஒருவரை இந்த வாரமும் மற்றவரை மூன்று வாரம் கழித்தும் பார்ப்பீர்கள். அப்போது இருவரையும் ஒப்பிடுவது நினைவாற்றலை நம்பிய வேலையாகிவிடும்.

1. செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில், "இவர் சேர்ந்து ஆறு மாதத்தில் எதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்?" என்ற கேள்விக்குப் பதில் எழுதுங்கள். மூன்று, நான்கு வரி போதும். வாடிக்கையாளர் சேவைக்கு ஒருவரை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "நல்ல பேச்சுத்திறன், குழுவாக வேலை செய்யும் மனப்பான்மை" என்று எழுதினால் அது எந்த வேலைக்கும் பொருந்தும், எனவே எதற்கும் பயன்படாது. "வரும் புகார்களுக்கு அன்றைக்கே பதில் போயிருக்க வேண்டும், திரும்பத் திரும்ப வரும் பத்துப் புகார்களுக்கு எழுத்தில் விடை தயாராக இருக்க வேண்டும், எந்தப் புகாரை எப்போது மேலே அனுப்புவது என்று அவரே முடிவெடுக்க வேண்டும்" என்று எழுதினால், என்ன தேடுகிறோம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, வேலையை விட்டுப் போனவரை அப்படியே வர்ணிப்பது. போனவர் பத்து வருடத்தில் தன் விருப்பத்துக்கேற்ப வேலையை வளைத்து வைத்திருப்பார். கணக்கும் பார்த்திருப்பார், கம்ப்யூட்டர் பழுதானால் அதையும் சரிசெய்திருப்பார். அதே கலவையை இன்னொருவரிடம் தேடினால் கிடைக்காது. அந்த இடம் காலியாக இருக்கும் நேரம்தான் வேலையைப் பிரித்து வேறு கைகளுக்குக் கொடுக்கலாமா என்று பார்க்கச் சரியான நேரம். சில சமயம் அப்படிப் பார்த்தால் புது ஆளே தேவைப்படாது.

2. நான்கைந்து அளவுகோல்களுக்கு மேல் வேண்டாம்

எழுதிய வரிகளிலிருந்து, அதைச் செய்ய ஒருவரிடம் என்ன இருக்க வேண்டும் என்று பிரித்தெடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில்: தெளிவாக எழுதுவது, கோபமாக இருப்பவரிடம் நிதானமாகப் பேசுவது, எது அவசரம் என்று கணிப்பது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது. நான்கு போதும். பன்னிரண்டு அளவுகோல் வைத்தால் ஒரு மணி நேர நேர்காணலில் எதையும் உருப்படியாகச் சோதிக்க முடியாது.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் "வரும்போதே வேண்டும்" அல்லது "இங்கே சொல்லிக்கொடுக்கலாம்" என்று எழுதுங்கள். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆனால் விளம்பரங்களில் அதைத்தான் கட்டாயத் தகுதி என்று போடுகிறார்கள், அதனால் இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டிருக்கக்கூடிய நல்ல ஆட்கள் விண்ணப்பிக்காமலே போய்விடுகிறார்கள்.

அனுபவ ஆண்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும், ஆள் தேர்வு முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை மறுபடி அலசி 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஒருவரின் அனுபவ ஆண்டுகளுக்கும் புது வேலையில் அவர் செயல்படும் விதத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் 0.07. இந்த அளவில் 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. அதே ஆய்வில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு முன்கூட்டி வகுத்த முறைப்படி மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42 கிடைத்தது, வாய்க்கு வந்தபடி பேசும் நேர்காணலுக்கு 0.19. எதுவுமே 1-க்குப் பக்கத்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள். மிகச் சிறந்த முறையிலும் தவறான ஆள் வருவதுண்டு, நாம் செய்வது அதன் வாய்ப்பைக் குறைப்பது மட்டும்தான்.

ஆகவே "குறைந்தது ஐந்து வருட அனுபவம்" என்று எழுதக் கை போகும்போது, அந்த ஐந்து வருடத்தில் அவர் எதைக் கற்றிருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதுங்கள்.

3. கேள்விகளும் மதிப்பெண் தாளும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒவ்வோர் அளவுகோலுக்கும் இரண்டு கேள்வி. ஒன்று நடந்ததைப் பற்றி: "நீங்கள் செய்த தவறால் கோபமான ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லுங்கள், முதலில் என்ன சொன்னீர்கள்?" மற்றொன்று நடக்கக்கூடியதைப் பற்றி: "ஒருவர் நேற்றே பணம் திரும்ப வர வேண்டும் என்று சத்தம் போடுகிறார், எப்போது வரும் என்பது உங்களுக்கே தெரியாது, கணக்குப் பிரிவில் யாரும் போன் எடுக்கவில்லை. என்ன செய்வீர்கள்?" இரண்டாவது வகை, இதுவரை இந்த வேலை பார்த்திராதவருக்கும் வாய்ப்புக் கொடுக்கும்.

கேள்வியோடு நிறுத்தினால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். எந்தப் பதிலுக்கு என்ன மதிப்பெண் என்பதையும் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். மேலே உள்ள பணக் கேள்விக்கு நான் இப்படி எழுதுவேன்:

1 மதிப்பெண்: அவரை அமைதிப்படுத்துவதற்காக, தெரியாமலே ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறார். அல்லது "அது என் பிரிவு இல்லை" என்கிறார்.

3 மதிப்பெண்: மன்னிப்புக் கேட்கிறார், விசாரித்துச் சொல்கிறேன் என்கிறார். ஆனால் எப்போது சொல்வார் என்பதைச் சொல்லவில்லை.

5 மதிப்பெண்: தேதி இப்போது தெரியாது என்று நேராகச் சொல்கிறார், எத்தனை மணிக்குத் திரும்ப அழைப்பார் என்பதைச் சொல்கிறார், தகவல் கிடைக்காவிட்டாலும் அந்த நேரத்தில் அழைப்பேன் என்கிறார்.

2-க்கும் 4-க்கும் எழுத வேண்டியதில்லை, இடையில் விழும் பதில்களுக்கு அவை பயன்படும். இந்த மூன்று வரி இல்லாவிட்டால் ஒருவர் சரளமாகப் பேசினார் என்பதற்காகவே நான்கு மதிப்பெண் விழும். சரளமாகப் பொய்த் தேதி கொடுப்பவர் உங்கள் வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்வார் என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும்.

தவிர்க்க வேண்டிய கேள்விகள்: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்", "உங்கள் பலவீனம் என்ன", "ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்". இவற்றுக்கெல்லாம் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். திருமணம், குழந்தை, மதம், உடல்நிலை பற்றிக் கேட்காதீர்கள். பல நாடுகளில் இவற்றை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பதோ ஒதுக்குவதோ சட்டப்படி தவறு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் நான்கு அளவுகோலில் எதற்கும் இந்தக் கேள்விகள் விடை தராது. நேரம் பற்றித் தெரிய வேண்டுமென்றால் நேராகக் கேட்கலாம்: "இந்த வேலையில் மாதம் இரண்டு சனிக்கிழமை வர வேண்டியிருக்கும், உங்களுக்கு முடியுமா?" எல்லோரிடமும் கேளுங்கள், பெண்களிடம் மட்டும் கேட்காதீர்கள்.

4. விளம்பரம்

முதல் இரண்டு படிகளில் எழுதியதே விளம்பரம். ஆறு மாதத்தில் முடிய வேண்டியது, வரும்போதே வேண்டியது, வேலை நேரம், சம்பள வரம்பு, தேர்வு எத்தனை கட்டம் என்பது, எந்தத் தேதிக்குள் பதில் சொல்வீர்கள் என்பது. சம்பளத்தைப் போடத் தயங்குகிறவர்கள் கடைசிக் கட்டத்தில் "இவ்வளவுதானா?" என்ற கேள்வியைச் சந்திக்கிறார்கள், இரு பக்கமும் அத்தனை மணி நேரம் வீண்.

தெரிந்தவர்கள் மூலம் வரும் விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அவர்களும் இதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். பரிந்துரைத்தவர் நேர்காணல் குழுவில் இருக்கக் கூடாது.

5. விண்ணப்பங்களை வடிகட்டுதல்

வேறு யாராவது ஒருவர் பெயரையும் புகைப்படத்தையும் மறைத்துவிட்டு உங்களிடம் தரட்டும். 2004-ல் பொருளாதார அறிஞர்களான மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வெள்ளையருடையது என்று தோன்றும் பெயர் இருந்தவற்றுக்கு, கறுப்பினத்தவருடையது என்று தோன்றும் பெயர் இருந்தவற்றைவிட சுமார் 50 விழுக்காடு அதிகமாக அழைப்பு வந்தது. தகுதிகளோ ஒப்பிடத் தக்கவை. படித்துத் தேர்ந்தெடுத்தவர்களில் பலர் தாங்கள் பாரபட்சம் பார்ப்பதாக நினைத்திருக்கவே மாட்டார்கள். பெயர் எதைச் சொல்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும், ஆனால் ஏதோ ஒன்றைச் சொல்லாத இடம் இல்லை.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த நான்கு அளவுகோலை வைத்து "இருக்கிறது, இல்லை, தெரியவில்லை" என்று மட்டும் குறியுங்கள். எழுத்துப்பிழை, வடிவமைப்பு, வேலையில் விழுந்த இடைவெளி போன்றவை உங்கள் அளவுகோலில் இல்லையென்றால் அதற்காக ஒருவரை ஒதுக்காதீர்கள். எழுத்து முக்கியமான வேலையென்றால் பிழையைப் பார்க்கலாம், கிடங்கு வேலைக்கு அது எதற்கு?

6. சின்னதாக ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்

நேர்காணலுக்கு முன், உண்மையான வேலையின் ஒரு துண்டைச் செய்யச் சொல்லுங்கள். நம் உதாரணத்தில், மூன்று புகார்க் கடிதங்களைக் கொடுத்து, எந்த வரிசையில் பதில் எழுதுவார், ஏன் என்று கேட்டு, ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதச் சொல்லலாம். எல்லோருக்கும் அதே மூன்று கடிதம், அதே நேரம். இதற்கும் மதிப்பெண் வரிகள் முன்கூட்டியே வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடியதாக இருக்கட்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருப்பவருக்கும் ஒரு வாரக்கடைசி முழுக்கச் செலவழிக்க முடியாது. அப்படிக் கேட்டால் நீங்கள் அளப்பது திறமையை இல்லை, ஓய்வு நேரத்தை. அதைவிட நீளமாக வேண்டுமென்றால் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் நிறுவனத்தில் தேங்கிக் கிடக்கும் உண்மையான வேலையைத் தேர்வு என்ற பெயரில் வாங்கிக்கொள்வது சுரண்டல். விண்ணப்பதாரர்களுக்கு அது உடனே புரிந்துவிடும்.

7. நேர்காணல்

இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் கேட்கட்டும், மற்றவர் எழுதட்டும். நான்கு பேர் வரிசையாக எதிரே உட்கார்ந்தால் அது விசாரணைக் கூடமாகிவிடும், பதற்றத்தைத்தான் அளப்பீர்கள்.

தொடக்கத்தில் இரண்டு நிமிடம் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லுங்கள்: எட்டுக் கேள்வி, எல்லோரிடமும் இதேதான் கேட்கிறோம், நடுவே குறிப்பு எடுப்போம், யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னாலே பலருக்குத் தோள் இறங்குவதைப் பார்க்கலாம்.

அப்புறம் கேள்விகளை அதே வரிசையில், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் கேளுங்கள். பதில் மேலோட்டமாக இருந்தால் "அதில் நீங்கள் செய்தது எது?" என்று ஒரு துணைக்கேள்வி போடலாம். "நாங்கள் செய்தோம்" என்று பேசுபவர்களிடம் இது அவசியம், ஏனென்றால் சிலர் அடக்கத்தால் அப்படிச் சொல்வார்கள், சிலர் வேறு யாரோ செய்ததைச் சொல்வார்கள். கேட்டால்தான் பிரித்தறிய முடியும்.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு தாங்களே பேசுவது. விண்ணப்பதாரர் ஒரு கணம் மௌனமானால் தாங்க முடியாமல் கேள்வியை வேறு மாதிரி விளக்குவார்கள், விளக்கத்திலேயே பதிலையும் கொடுத்துவிடுவார்கள். "உதாரணத்துக்கு, மேலதிகாரியிடம் சொல்வீர்களா, இல்லை…" என்று இழுத்தால் "ஆமாம், சொல்வேன்" என்பதைத் தவிர வேறென்ன வரும்? மௌனம் வந்தால் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டு பத்து நொடி பொறுங்கள். நிறைய நல்ல பதில்கள் அந்தப் பத்து நொடிக்குப் பிறகுதான் வருகின்றன.

கடைசிக் கால்மணி நேரம் அவருடைய கேள்விகளுக்கு. வேலையில் உள்ள சிரமங்களை அப்போது மறைக்காமல் சொல்லுங்கள். புகார் அதிகம் வரும் மாதங்கள் உண்டு என்பதை இப்போதே கேட்டுவிட்டு வேண்டாம் என்று போகிறவர், இரண்டாம் மாதம் விலகுவதைவிட நல்லது.

8. முதலில் மதிப்பெண், பிறகு பேச்சு

விண்ணப்பதாரர் கதவைத் தாண்டியதும் "எப்படி?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதீர்கள். இருவரும் பேசாமல், அவரவர் தாளில், ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு முடியுங்கள். மூத்தவர் "அருமையான ஆள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இளையவரின் தாளில் இரண்டு மூன்றாகவும் மூன்று நான்காகவும் மாறிவிடும். அப்புறம் இரண்டு பேர் உட்கார்ந்ததற்கே அர்த்தமில்லை.

தனித்தனியாகப் போடுவதற்கும் காரணம் உண்டு. ஒருவரிடம் ஒரு குணம் பிடித்துப்போனால் மற்ற குணங்களுக்கும் கை தாராளமாகிவிடும். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே இதைக் காட்டினார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு என்று வெவ்வேறான குணங்களுக்கும் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றுபோலவே மதிப்பெண் விழுந்திருந்தது. மருந்து எளிது: எல்லோரையும் பார்த்து முடித்ததும், முதல் கேள்விக்கு எல்லா விண்ணப்பதாரருக்கும் போட்ட மதிப்பெண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டு இரண்டாவது கேள்விக்குப் போங்கள்.

உள்ளுணர்வுக்கு இடமே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, கடைசியில். 1950-களில் இஸ்ரேல் ராணுவத்துக்கு நேர்காணல் முறை வகுத்துக் கொடுத்த உளவியலாளர் டேனியல் கானமன், ஆறு குணங்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, கண்ணை மூடி அந்த வீரரைக் கற்பனை செய்து ஒரு மதிப்பெண் போடச் சொன்னார். அந்தக் கடைசி மதிப்பெண்ணும் நன்றாகவே கணித்தது. விவரமெல்லாம் மனதில் ஏறிய பிறகு வரும் உள்ளுணர்வு வேறு, கைகுலுக்கியதும் வரும் உள்ளுணர்வு வேறு.

மதிப்பெண் போட்ட பிறகு இருவரும் தாள்களை ஒப்பிடுங்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் உள்ள கேள்விகளை மட்டும் பேசினால் போதும். அவர் சொன்ன வார்த்தைகளைக் குறிப்பிலிருந்து படித்துக் காட்டிப் பேசுங்கள். "நம் குழுவுக்கு ஒத்துவர மாட்டார்" என்று யாராவது சொன்னால், அவர் சொன்ன எந்தப் பதிலை வைத்து என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

9. முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பது

எடுக்கலாம் என்று முடிவான ஒருவரைப் பற்றி மட்டும், அவருடைய அனுமதியோடு. தற்போது வேலை பார்க்கும் இடத்துக்கு அவரைக் கேட்காமல் போன் போடவே போடாதீர்கள், அவருடைய பிழைப்பில் கை வைப்பதாகிவிடும்.

"எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்லவர்" என்பார்கள். நேர்காணலில் அவர் சொன்ன ஒரு சம்பவத்தைச் சொல்லி அதில் அவருடைய பங்கு என்ன என்று கேளுங்கள். "எங்களிடம் வந்தால் முதல் சில மாதம் எதில் உதவி தேவைப்படும்?" என்ற கேள்விக்கு யாரும் தயங்காமல் பதில் சொல்கிறார்கள், உங்களுக்கும் அது பின்னால் பயன்படும்.

10. ஆஃபரும் மறுப்பும்

ஆஃபரை முதலில் போனில் சொல்லிவிட்டு, அதே நாளில் எழுத்தில் அனுப்புங்கள்: சம்பளம், சேரும் தேதி, தகுதிகாண் காலம், விடுப்பு, யாரிடம் பொறுப்புச் சொல்ல வேண்டும். அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை இரண்டாம் இடத்தில் உள்ளவருக்கு மறுப்பு அனுப்ப வேண்டாம்.

ஆனால் ஒப்புக்கொண்ட மறுநாளே, வந்து போன ஒவ்வொருவருக்கும் பதில் போக வேண்டும். இதைச் செய்யாத நிறுவனங்கள் அதிகம், எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. லீவு போட்டுவிட்டு வந்து உங்கள் முன் உட்கார்ந்தவர் ஒரு வரி பதிலுக்கு உரியவர். ஏன் என்று கேட்டால், மதிப்பெண் தாளைப் பார்த்து ஓர் உருப்படியான காரணம் சொல்லலாம். தாள் இருப்பதால் அதுவும் சுலபம்.

11. சேர்ந்த பிறகு

முதல் நாளன்று, முதல் படியில் எழுதிய ஆறு மாதத் தாளை அவரிடமே கொடுங்கள். அதை மூன்றாகப் பிரித்து, முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று தேதி போடுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் உட்கார்ந்து எது புரியவில்லை, எது தடையாக இருக்கிறது என்று கேளுங்கள். நேர்காணலில் குறைந்த மதிப்பெண் வந்த அளவுகோல் எது என்பது உங்களுக்குத் தெரியும், பயிற்சியை அங்கிருந்தே தொடங்கலாம். தகுதிகாண் காலம் முடியும் நாளில்தான் குறையைச் சொல்வது அநியாயம். மூன்றாம் வாரமே சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பார்.

மதிப்பெண் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து எடுத்து, எந்தக் கேள்வியில் அவர் வாங்கிய மதிப்பெண் வேலையோடு ஒத்துப்போகிறது, எதில் இல்லை என்று பாருங்கள். வந்த எல்லோருமே நான்கு வாங்கிய கேள்வி யாரையும் பிரித்துக் காட்டவில்லை, அதை எடுத்துவிட்டு வேறு கேள்வி எழுதுங்கள். நிராகரிக்கப்பட்டவர்களின் விவரங்களை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதற்குச் சில நாடுகளில் சட்ட வரம்பு உண்டு, அதைப் பார்த்துக்கொண்டு அவற்றை அழித்துவிடுங்கள். கேள்வித்தாளும் மதிப்பெண் வரிகளும் அடுத்த ஆளை எடுக்கும்போது அப்படியே கைகொடுக்கும்.